பெயர் தெரியாத ஆப்பிளோடு போங்கள்: இங்கிலாந்தின் ஆப்பிள் டேக்கு முதல் தடவை போகிறவர்களுக்கு

முதல் தடவை நான் ஆப்பிள் டேக்கு, அதாவது ஆப்பிள் ரகங்களைக் கொண்டாட இங்கே ஊர் ஊராக நடக்கும் விழாவுக்குப் போனபோது அங்கே ஆளே இல்லை. சேறும் சகதியுமாக ஒரு புல்வெளி, மூலையில் மடித்துச் சாத்திய இரண்டு மேசை, வேலியோரம் கொட்டிக் கிடந்த ஆப்பிள் சக்கை, அதை மொய்த்துக்கொண்டு நாலைந்து குளவி. அக்டோபர் 21தான் ஆப்பிள் டே என்று படித்துவிட்டு, வேலைக்கு லீவு போட்டு, செவ்வாய்க்கிழமை என்றும் பார்க்காமல் பஸ் ஏறிப் போயிருந்தேன். முந்தின ஞாயிற்றுக்கிழமையே விழா முடிந்துவிட்டது. நாயோடு நடந்து வந்த ஒரு பெரியவர் சிரித்துக்கொண்டே, "அடுத்த வருஷம் வாருங்கள், ஆப்பிள் எங்கேயும் போகாது" என்றார்.

அதனால் தேதியிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

தேதியும் இடமும்

பெயருக்கு அக்டோபர் 21. 1990இல் அந்தத் தேதியில்தான் 'காமன் கிரவுண்ட்' என்ற சிறிய தொண்டு அமைப்பு லண்டன் கோவென்ட் கார்டனில் முதல் ஆப்பிள் டேயை நடத்தியது. சூ கிளிஃபர்ட், ஆஞ்சலா கிங் என்ற இரண்டு பெண்மணிகள் அதை முன்னின்று நடத்தினார்கள். இடத்தையும் யோசித்துத்தான் பிடித்தார்கள். சென்னைக்காரர்களுக்குச் சொன்னால் சட்டென்று புரியும்: கோவென்ட் கார்டன் என்பது லண்டனின் கொத்தவால்சாவடி. அங்கிருந்த காய்கனிச் சந்தையை 1974இல் நைன் எல்ம்ஸுக்கு மாற்றிவிட்டார்கள். 16 வருஷம் கழித்து ஒரே ஒரு நாள் பழக்கூடைகள் பழைய இடத்துக்குத் திரும்பி வந்தன.

அந்தக் காலத்தில் ஊர் ஊராகப் பழத்தோட்டங்களை வெட்டிக்கொண்டிருந்தார்கள். பிரிட்டன் ஐரோப்பியப் பொதுச் சந்தையில் சேர்ந்த பிறகு பிரான்சிலிருந்து கோல்டன் டெலிஷியஸ் மலிவாக வந்து குவிந்தது. பழைய மரங்களைப் பிடுங்கிப் போட மானியமும் கிடைத்தது. மரம் போனால் ரகம் போகும், ரகம் போனால் அந்த ஊர்ப் பெயரும் அதோடு போகும். இதைத் தடுக்கக் கூட்டம் போட்டுப் பேசுவதைவிட எல்லோருக்கும் ஒரு துண்டு ஆப்பிள் வெட்டிக் கொடுப்பது மேல் என்று அவர்கள் நினைத்தார்கள். அந்த யோசனை பலித்தது. இப்போது எந்தத் தலைமை அலுவலகமும் இல்லாமல், சர்ச் வளாகத்திலும் பள்ளி மைதானத்திலும் சமுதாயத் தோட்டத்திலும் அவரவர் சொந்தமாகவே நடத்துகிறார்கள்.

தலைமை அலுவலகம் இல்லை என்பதால் ஒரே தேதியும் கிடையாது. செப்டம்பர் கடைசியிலிருந்து அக்டோபர் முடியும்வரை சனி, ஞாயிறுகளில் எங்காவது ஓர் ஆப்பிள் டே இருக்கும். ஊர்ப்பெயரோடு 'ஆப்பிள் டே' என்று சேர்த்துத் தேடுங்கள். நூலகம், கம்யூனிட்டி ஹால் நோட்டீஸ் போர்டையும் ஒரு தடவை பாருங்கள், ஏனென்றால் நல்ல விழாக்களில் பாதி, ஒரு ஏ4 தாளில் மட்டுமே விளம்பரம் செய்யப்படுபவை. போவதற்கு முந்தின நாள் தேதியை இன்னொரு முறை சரிபார்த்துக்கொள்ளுங்கள். இது பட்டவன் சொல்வது. தீபாவளியும் இதே வாக்கில் வரும். 2025இல் தீபாவளிக்கு மறுநாள்தான் ஆப்பிள் டே. வீட்டில் முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்வது நல்லது.

பெரிய இடம் என்றால் கென்ட்டில் ஃபாவர்ஷாம் பக்கம் உள்ள பிராக்டேல். தேசியப் பழத் தொகுப்பு அங்கேதான் இருக்கிறது. ஆப்பிளில் மட்டும் 2,000 ரகத்துக்கு மேல், ரகத்துக்கு இரண்டு மரம் என்று வரிசையாக நிற்கும். லண்டனிலிருந்து ஃபாவர்ஷாமுக்கு நேர் ரயில் உண்டு. லண்டனுக்குள்ளேயே என்றால் ஹாம்ப்ஸ்டெட்டில் நேஷனல் டிரஸ்ட் என்ற பாரம்பரியப் பாதுகாப்பு அமைப்பு பார்த்துக்கொள்ளும் ஃபென்டன் ஹவுஸில் மதில் சூழ்ந்த பழைய பழத்தோட்டம் ஒன்று இருக்கிறது. அவர்கள் சற்று முந்திக்கொண்டு செப்டம்பர் வாக்கிலேயே கொண்டாடிவிடுவார்கள். ஆனால் முதல் தடவை போகிறவர்களுக்கு நான் பிராக்டேலைச் சொல்வதில்லை. 2,000 பெயரைப் பார்த்தால் ஒரு பெயரும் மனதில் நிற்காது. வீட்டுக்குப் பக்கத்தில் முப்பது நாற்பது ரகத்தை மேசையில் அடுக்கி வைத்திருக்கும் சின்ன விழாவுக்குப் போங்கள். பிராக்டேலை அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம்.

கிளம்பும் முன் பையில் என்ன இருக்க வேண்டும்

ரப்பர் பூட்ஸ் அல்லது சேறானால் கவலைப்படாத ஷூ, மழைக் கோட்டு, கொஞ்சம் சில்லறை, துணிப்பை, மூடியோடு நன்றாகக் கழுவிய இரண்டு பிளாஸ்டிக் பாட்டில். இவ்வளவும் எல்லோரும் சொல்வதுதான்.

யாரும் சொல்லாதது ஒன்று உண்டு. பெயர் தெரியாத ஆப்பிள் ஒன்றைத் தேடிப் பிடித்து எடுத்துக்கொண்டு போங்கள். பழத்தைப் பார்த்து ரகத்தின் பெயரைச் சொல்லப் பல விழாக்களில் 'அடையாள மேசை' ஒன்று இருக்கும். உங்களைத் திருவிழா பார்க்க வந்தவராக நடத்துவதா, தோட்டத்தோடு பேச வந்தவராக நடத்துவதா என்பதை அந்த ஆப்பிள்தான் தீர்மானிக்கும்.

அதை எங்கே தேடுவது என்று மலைக்க வேண்டாம். இந்த நாட்டில் பழைய வீடுகளின் பின்கட்டில் ஓர் ஆப்பிள் மரம் இருப்பது நம் ஊரில் முருங்கை இருப்பது மாதிரி. வாடகைக்கு வந்தவருக்கு அது என்ன மரம் என்று தெரியாது, வீட்டுக்காரருக்கும் தெரியாது, பக்கத்து வீட்டு மூதாட்டி மட்டும் "அது குக்கர்" என்பார். (குக்கர் என்றதும் நான் பிரஷர் குக்கரைத்தான் நினைத்தேன். சமையலுக்கான புளிப்பு ஆப்பிளை இங்கே குக்கர் என்பார்கள், அப்படியே சாப்பிடுவது ஈட்டர்.) உங்கள் வீட்டில் மரம் இல்லையென்றால் அக்கம்பக்கத்தில் பழம் கொட்டிக் கிடக்கும் வீட்டுக் கதவைத் தட்டிக் கேளுங்கள். எடுத்துக்கொண்டு போனால் போதும் என்று பெரும்பாலும் கெஞ்சாத குறையாகக் கொடுப்பார்கள். கேட்காமல் பறிப்பதற்கு இங்கே 'ஸ்க்ரம்பிங்' என்று தனிப் பெயரே உண்டு. மாங்காய்த் தோப்பில் நாம் செய்ததுதான், ஆனால் அந்த வயதும் தாண்டிவிட்டது, விசாவும் இருக்கிறது.

அடையாளம் காட்டக் கொண்டுபோகும் பழத்துக்குச் சில முறைகள் உண்டு. ஒன்று போதாது, நாலைந்து வேண்டும். வெயில் படும் பக்கத்திலிருந்து, அந்த மரத்துக்கே உரிய அளவிலும் நிறத்திலும் உள்ள பழமாகப் பறியுங்கள். இருப்பதிலேயே பெரியதைக் காட்டிப் பெருமைப்பட வேண்டாம்; அது குழப்பும். காம்பு ஒட்டியிருக்க வேண்டும், கூடவே இரண்டு இலை. உள்ளங்கையில் பழத்தை ஏந்தி, லேசாகத் தூக்கித் திருகினால் காம்போடு கையில் வந்துவிட வேண்டும். வரவில்லையென்றால் இன்னும் பழுக்கவில்லை. மரம் எவ்வளவு வயசு, எந்த மாதம் பூத்தது, எப்போது உதிர ஆரம்பித்தது என்று தெரிந்ததைத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள்.

முக்கியமாக, துடைக்காதீர்கள். கோயிலுக்குப் பழத்தட்டு கொண்டுபோகிற நினைப்பில் நான் ஈரத்துணியால் துடைத்துப் பளபளவென்று எடுத்துப் போயிருந்தேன். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த அம்மையார் ஒரு பழத்தைக் கையில் எடுத்தவர், திருப்பி என்னைப் பார்த்து, "பாதிச் சாட்சியைத் துடைத்துவிட்டீர்களே" என்றார். தோலின் மேல் சாம்பல் பூத்தாற்போல் இருப்பதும், சில ரகத்தில் எண்ணெய் தடவியது மாதிரி பிசுபிசுப்பதும் அவர்களுக்கு அடையாளங்கள்.

போனதும் முதலில் நாக்குக்கு வேலை

சூப்பர்மார்க்கெட்டில் வருஷம் முழுக்கக் கிடைக்கும் காலா, பிரேபர்ன், பிங்க் லேடி, கிரானி ஸ்மித் நாலும் ஆஸ்திரேலியாவிலோ நியூசிலாந்திலோ பிறந்தவை. மேசையில் இருப்பவை வேறு ஜாதி. மாம்பழத்தை வைத்து யோசித்தால் சுலபம். பங்கனப்பள்ளி மட்டுமே தின்று வளர்ந்தவரை இமாம்பசந்த், மல்கோவா, செந்தூரம், ருமானி, யாழ்ப்பாணத்துக் கறுத்தக்கொழும்பான், அம்பலவி எல்லாம் வைத்த மேசைக்கு முன்னால் உட்கார வைத்தால் எப்படி இருக்கும்? அதேதான்.

மேசையில் பேப்பர் தட்டு, தட்டில் மூன்று நான்கு பழம், பக்கத்தில் பெயர் எழுதிய அட்டை. இது பார்ப்பதற்கு மட்டும். கை வைக்கக் கூடாது. சுவை பார்க்கத் தனி மேசையில் தன்னார்வலர்கள் துண்டு போட்டுக் கொடுப்பார்கள். மெல்லிய இனிப்பிலிருந்து ஆரம்பித்துப் புளிப்புக்குப் போய், சொரசொரப்புத் தோல் ரகங்களைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். பத்து ரகத்துக்கு மேல் ஒரே நடையில் வேண்டாம், நாக்கு மரத்துவிடும். நடுவில் ஒரு துண்டு செடார் சீஸ் கிடைத்தால் விடாதீர்கள்.

கண்டிப்பாகத் தேட வேண்டியவை என்று நான் சிலதைச் சொல்வேன். முதலில் எக்ரிமான்ட் ரஸ்ஸெட். தோல் அச்சு அசல் சப்போட்டாதான். பழுப்பு நிறம், அதே சொரசொரப்பு. சப்போட்டா என்று நினைத்தே கடிக்கலாம், உள்ளே கொட்டைப் பருப்பின் வாசனையோடு அடர்த்தியான சதை. நம் ஆட்கள் 'அழுகல்' என்று ஒதுக்கிவிட்டுப் போவது இதைத்தான். அப்புறம் ஆஷ்மீட்ஸ் கெர்னல், 1700 வாக்கில் குளோஸ்டரில் தோன்றியது, பார்க்க அழகே இல்லை. புளிப்பும் இனிப்பும் ஒன்றோடொன்று சண்டை போடும். சுவை அடங்கச் சில விநாடி ஆகும். பிட்மாஸ்டன் பைனாப்பிள் கண்ணில் பட்டால் அதிர்ஷ்டம். எலுமிச்சை அளவை விடக் கொஞ்சம் பெரிய மஞ்சள் பழம், பெயருக்கேற்ப அன்னாசி வாடை. காக்ஸ்தான் இவர்களின் செல்லப்பிள்ளை. ரிச்சர்ட் காக்ஸ் என்ற ஓய்வுபெற்ற மதுபான உற்பத்தியாளர் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஸ்லவ் அருகே கோல்ன்புரூக்கில் விதை போட்டு எடுத்தது. நன்றாகப் பழுத்த காக்ஸைக் காதருகே ஆட்டினால் உள்ளே விதை கலகலவென்று சத்தம் போடும். இதைக் குழந்தைகளிடம் சொல்லிவிட்டால் அவர்கள் அன்றைக்கு வேறெதுவும் கேட்க மாட்டார்கள்.

டிஸ்கவரி என்ற சிவப்புப் பழம் ஆகஸ்டில் ஸ்ட்ராபெரி மணத்தோடு பிரமாதமாக இருக்கும். அக்டோபரில் மாவாகிப் போயிருக்கும். அதனால் ஒரு ரகம் பிடிக்கவில்லையென்றால் உடனே தீர்ப்பு எழுதாதீர்கள். "இதை எப்போது சாப்பிட வேண்டும்?" என்று கேளுங்கள். ஆஷ்மீட்ஸ் கெர்னல் அக்டோபரில் பறித்துக் கிறிஸ்துமஸ் கழித்துச் சாப்பிட வேண்டியது. இந்த ஒரு கேள்விக்கே மேசைக்காரர் நாற்காலியை உங்கள் பக்கம் திருப்பிப் போடுவார்.

டாபினெட், கிங்ஸ்டன் பிளாக் என்று எழுதியிருந்தால் ஜாக்கிரதை. அவை சைடர் ஆப்பிள்கள். ஆங்கிலத்தில் அந்தச் சுவையைச் சொல்ல இவர்கள் திணறுவார்கள், நமக்கு ஒரே சொல்: துவர்ப்பு. பச்சை நாவற்பழத்தைக் கடித்த மாதிரி நாக்கு ஒட்டிக்கொள்ளும்.

அடையாள மேசை

வரிசை நீளமாக இருக்கும், அதனால் வந்தவுடன் பெயர் கொடுத்துவிட்டு மற்றதைச் சுற்றிப் பாருங்கள். சில இடங்களில் ரகத்துக்கு ஒன்றிரண்டு பவுண்டு வாங்குவார்கள்.

அவர்கள் வேலை செய்வதைப் பக்கத்தில் நின்று பார்ப்பதற்காகவே போகலாம். என் பழத்தை எடுத்த அம்மையார் முதலில் அதைத் தலைகீழாகத் திருப்பினார். அடியில் பூவின் மிச்சம் காய்ந்து ஒரு குழியாக இருக்குமே, அதற்குக் 'கண்' என்று பெயர். கண் திறந்திருக்கிறதா மூடியிருக்கிறதா என்று பார்த்தார். விரலால் குழியின் விளிம்பைச் சுற்றி வந்து, மேடு பள்ளம் உண்டா என்று தடவினார். பிறகு காம்பு. அதன் நீளத்தையும் தடிமனையும், குழிக்குள் புதைந்திருக்கிறதா வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறதா என்பதையும் கவனித்தார். அடுத்து ஒரே வெட்டில் மேலிருந்து கீழாகப் பிளந்து, விதையறையின் வடிவத்தையும் விதையின் நிறத்தையும் பார்த்தார். மோந்தார். ஒரு சீவல் வாயில் போட்டு மென்று, துப்பினார். கடைசியில்தான் பக்கத்திலிருந்த தடிப் புத்தகத்தைப் புரட்டினார்.

என் பக்கத்து வீட்டு மூதாட்டி அது பிராம்லி என்றுதான் சத்தியம் செய்திருந்தார். பெரிய பச்சை ஆப்பிள் எதுவானாலும் இங்கே பிராம்லிதான். "இல்லை" என்றார் அம்மையார். "பிராம்லி தட்டையாக, கோணல்மாணலாக இருக்கும். இது உருண்டை, காம்பு குட்டை, மஞ்சளுக்கு மேல் சிவப்புக் கோடு. நியூட்டன் வொண்டர்." ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தார். இரண்டு வருஷமாகப் பின்கட்டில் நின்ற மரத்துக்கு அன்றைக்குத்தான் பெயர் தெரிந்தது. டார்பிஷயரில் கிங்ஸ் நியூட்டன் என்ற கிராமத்தில் 1870 வாக்கில் கிளம்பிய ரகம். (புவியீர்ப்பு நியூட்டனுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. அவர் வீட்டு மரம் ஃபிளவர் ஆஃப் கென்ட்.)

எல்லாப் பழத்துக்கும் விடை கிடைக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். ஆப்பிள் விதையில் முளைத்தால் தாயைப் போல் இருக்காது. சாலையோரம் யாரோ தின்று எறிந்த விதையில் முளைத்த மரம் என்றால் அதற்குப் பெயரே கிடையாது. உலகத்தில் அந்த ஒரே மரம்தான். அப்படிச் சொன்னால் ஏமாற வேண்டாம். பிராம்லியும் அப்படி வந்ததுதானே. நாட்டிங்கம்ஷயரில் சவுத்வெல் என்ற ஊரில் 1809இல் மேரி ஆன் பிரெய்ல்ஸ்ஃபோர்ட் என்ற சிறுமி விதை போட்டாள். பின்னாளில் அந்த வீட்டை வாங்கிய கசாப்புக் கடைக்காரர் மாத்யூ பிராம்லியிடம், மெர்ரிவெதர் என்ற நாற்றங்கால்காரப் பையன் ஒட்டுப் போடக் குச்சி கேட்டான். "எடுத்துக்கொள், ஆனால் என் பெயரை வைக்க வேண்டும்" என்பது அவர் போட்ட நிபந்தனை. விதைத்தவள் ஒருத்தி, பெயர் வாங்கியது இன்னொருவர். 1900இல் புயலில் சாய்ந்த அந்த மரம் விழுந்த இடத்திலிருந்தே மறுபடி துளிர்த்தது. இன்று கடையில் வாங்கும் ஒவ்வொரு பிராம்லியும் ஒட்டு வழியாக அந்த ஒரு மரத்திலிருந்து வந்ததுதான். சவுத்வெல்லில் அக்டோபரில் பிராம்லிக்கென்றே விழா நடக்கும்.

சாறு பிழிதல்

பல விழாக்களில் உங்கள் ஆப்பிளைக் கொண்டுபோனால் பிழிந்து தருவார்கள், அல்லது நீங்களே சக்கரத்தைச் சுற்றலாம். கரும்புச்சாறு கடை நினைவுக்கு வரும், ஆனால் இது இரண்டு கட்ட வேலை. முதலில் பல் வைத்த அரவைப் பெட்டியில் போட்டுக் கூழாக்குவார்கள். அந்தக் கூழைத் துணியில் மடித்து, மேலே மேலே அடுக்கி, திருகாணிப் பிரஸ்ஸில் வைத்து இறக்குவார்கள். அந்த அடுக்குக்கு 'சீஸ்' என்று பெயர். சீஸ் போடலாம் என்று யாராவது கூப்பிட்டால் ரொட்டியோடு போய் நிற்க வேண்டாம்.

சுமார் 2 கிலோவுக்கு 1 லிட்டர் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். அடிபட்ட பழம் பரவாயில்லை. அழுகியதும் பூஞ்சை பிடித்ததும் வேண்டவே வேண்டாம். அழுகலில் பாட்டுலின் என்ற நச்சு உண்டாகும், வடிகட்டினாலும் போகாது. ஆடு மாடு மேயும் இடத்தில் உதிர்ந்ததையும் சேர்க்காதீர்கள், காய்ச்சாத சாறு அது. குழாயில் வரும்போது பச்சையும் பொன்னுமாக இருப்பது சில நிமிஷத்தில் டீ நிறத்துக்கு மாறும். கெட்டுவிடவில்லை, காற்றுப் பட்டால் அப்படித்தான். ஃபிரிட்ஜில் இரண்டு மூன்று நாள் தாங்கும். ஃபிரீசரில் வைப்பதானால் பாட்டிலின் கழுத்துவரை நிரப்பாதீர்கள், உறைந்தால் உப்பும். மூடியை இறுக்கிவிட்டு வெளியே மறந்து வைத்தால் நொதித்துப் பாட்டில் வெடிக்கும்.

வெடிப்பதைச் சொன்னதால் சைடரையும் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவிலிருந்து வந்தவர்களுக்கு சைடர் என்றால் வடிகட்டாத ஆப்பிள் சாறு. இங்கிலாந்தில் சைடர் என்றால் மதுபானம், பீருக்கு அண்ணன். வீட்டுத் தயாரிப்பு 'ஸ்க்ரம்பி' என்றால் இன்னும் கொஞ்சம் பெரிய அண்ணன். கலங்கலாக, ஜூஸ் மாதிரியே இருக்கும். குழந்தைக்கு வாங்கும்போதும், குடிக்காதவர்களும், 'ஜூஸ்' என்று எழுதியிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். வண்டி ஓட்டுகிறவர்கள் தொடவே வேண்டாம்.

விளையாட்டுகளைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. தண்ணீரில் மிதக்கும் ஆப்பிளை வாயால் கவ்வுவது குழந்தைகளுக்கு. மாற்று உடை கொண்டு போங்கள். தோலை அறாமல் நீளமாகச் சீவும் போட்டியில் நம் வீட்டு அம்மாக்கள் தாராளமாகக் கலந்துகொள்ளலாம், அரிவாள்மணையில் வெள்ளரிக்காய் சீவிய கைக்கு இது ஒன்றுமேயில்லை. பெரிய பழம், மெல்லிய பட்டை, அவசரமில்லாத கை. சீவிய தோலை இடது தோளுக்குப் பின்னால் எறிந்தால் அது விழும் வடிவத்தில் கட்டிக்கொள்ளப் போகிறவரின் முதலெழுத்து தெரியும் என்பது பழைய நம்பிக்கை. எப்படி எறிந்தாலும் ஆங்கில எஸ் ஆகத்தான் விழும். சுரேஷும் சரவணனும் சந்தோஷப்படலாம்.

என்ன வாங்குவது, வீட்டில் என்ன செய்வது

பிடித்த ரகத்தில் இரண்டு கிலோ, குக்கரில் இரண்டு கிலோ. அதற்கு மேல் ஆசைப்பட்டால் வைக்க இடம் வேண்டும். அடிபடாத பழமாகப் பொறுக்கி, ஒவ்வொன்றையும் செய்தித்தாளில் சுற்றி, ஒன்றோடொன்று இடிக்காமல் அட்டைப் பெட்டியில் அடுக்கி, ஹீட்டர் இல்லாத குளிர்ந்த அறையில் வையுங்கள். வாரம் ஒரு தடவை மோந்து பாருங்கள். ஒன்று அழுகினால் பக்கத்திலிருப்பதும் கெடும்.

குக்கரை வைத்து இவர்கள் 'கிரம்பிள்', 'ஆப்பிள் பை' என்று மாவோடு சுடும் இனிப்புகள் செய்வார்கள். செய்யுங்கள், நன்றாகத்தான் இருக்கும். ஆனால் பிராம்லியை முதல் முதலில் கடித்தபோது எனக்குத் தோன்றியது வேறு: இது மாங்காய். கிளிமூக்கு கிடைக்காத ஊரில் இதைவிட்டால் வழியில்லை. தோலோடு பொடிப்பொடியாக நறுக்கி, உப்பு, மிளகாய்த்தூள், மஞ்சள்தூள், வறுத்துப் பொடித்த வெந்தயம் போட்டுப் பிசறி, நல்லெண்ணெயில் கடுகும் பெருங்காயமும் தாளித்து, எண்ணெய் ஆறியபின் ஊற்ற வேண்டும். கல்யாண வீட்டு மாங்காய் ஊறுகாய் தோற்றுப் போகும். சூட்டோடு ஊற்றினால் பிராம்லி சட்டென்று குழைந்து கூழாகிவிடும், அதுதான் அதன் குணம். ஃபிரிட்ஜில் ஒரு வாரம் வைக்கலாம். குழையும் குணம் கைகொடுப்பது தொக்குக்கு: துருவி, எண்ணெய் பிரியும்வரை வதக்கினால் போதும். சித்திரை மாதப் பச்சடிக்கும் வெல்லம் போட்டு இதையே செய்கிறோம். அடுத்த வருஷ விழாவுக்கு ஒரு பாட்டில் தொக்கு எடுத்துக்கொண்டு போய் அடையாள மேசையில் கொடுங்கள். நான் கொடுத்த பாட்டில் அரைமணியில் காலி.

விழாவுக்குப் பிறகு

ஆசை தொற்றிவிட்டால் சொந்தமாக ஒரு மரம் வைக்கலாம். மண் ஒட்டாத வெறும் வேர்க் கன்றுகள் நவம்பரிலிருந்து மார்ச் வரை கிடைக்கும், தொட்டிக் கன்றைவிட மலிவு. ரகத்தைப் போலவே அடிவேரையும், அதாவது அந்த ரகத்தை ஒட்டுப் போட்டிருக்கும் வேர்ப்பகுதியையும், எண்ணைச் சொல்லிக் கேட்டு வாங்க வேண்டும். மரம் எவ்வளவு உயரம் போகும் என்பது அடிவேரின் கையில்தான் இருக்கிறது. எம்9 ஆள் உயரத்தைக் கொஞ்சம் தாண்டும், எம்எம்106 என்றால் 4 மீட்டர் வரை, எம்25 போட்டால் பேரன்தான் ஏணி வைத்துப் பறிப்பான். தொட்டியில் வைக்க எம்26 சரிப்படும். இந்த எண்களெல்லாம் கென்ட்டில் உள்ள ஈஸ்ட் மாலிங் ஆராய்ச்சி நிலையம் கொடுத்தவை. தனி மரம் பெரும்பாலும் காய்க்காது, சமகாலத்தில் பூக்கும் இன்னொரு ரகம் அக்கம்பக்கத்தில் வேண்டும். ஊருக்குள் என்றால் பக்கத்துத் தோட்டத்து மரமே போதும்.

அடையாளம் கண்ட பழைய மரத்தைப் பெருக்க வேண்டுமானால் ஜனவரி, பிப்ரவரியில் பென்சில் தடிமனில் குச்சி வெட்டி, ஈரத்துணியில் சுற்றி ஃபிரிட்ஜில் வைத்திருந்து மார்ச்சில் ஒட்டுப் போட வேண்டும். ஒட்டுமாங்கன்று பார்த்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. பழத்தோட்டக் குழுக்கள் அந்தச் சமயத்தில் ஒருநாள் பயிற்சி வைப்பார்கள். ஆப்பிள் டே மேசையிலேயே பெயர் கொடுத்து வந்துவிடுங்கள்.

ஜனவரியில் வாசெயில் என்று இன்னொன்று உண்டு. சாமர்செட் பக்கம் ஜனவரி 17இல், பழைய காலண்டர் கணக்குப்படி வைத்திருக்கிறார்கள். இருட்டிய பிறகு ஊரே தோட்டத்துக்குப் போய், வயதான மரத்தின் வேரில் சைடர் ஊற்றி, கிளையில் டோஸ்ட் ரொட்டியை மாட்டி, பானை சட்டியெல்லாம் தட்டி மரத்தை எழுப்புவார்கள். போகி மேளம் அடித்துப் பொங்கல் முடித்த கையோடு போகலாம், கை பழகியிருக்கும்.

மரம் வைத்தாலும் சரி, பழைய மரத்துக்குப் பெயர் கண்டுபிடித்தாலும் சரி, அன்றைக்கே லேபிள் கட்டிவிடுங்கள். அலுமினியத் தகடு, மேலே பென்சில். மார்க்கர் மை இரண்டு கோடையில் வெளுத்துவிடும், பென்சில் நிற்கும். கம்பியை இறுக்காமல் தளர்வாகக் கிளையில் மாட்டுங்கள், கிளை பருக்கும்போது அறுத்துவிடக் கூடாது. நாங்கள் அந்த வீட்டைக் காலி செய்தபோது சாவியோடு சேர்த்து வீட்டுக்காரரிடம் சொன்னேன்: பின்கட்டில் தகடு இருக்கிறது, அடுத்து வருகிறவர்களிடம் காட்டுங்கள், அது பிராம்லி இல்லை.